கை படக்கூடாத இடம்

பதினாறு வருடமாகச் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பெயிண்ட் அடிக்கிற கம்பெனி" என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையைச் சொன்னால் பேச்சு நீளும், முழங்கால் வலிக்கு மருந்து கேட்பார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்து போனவர்களுக்குத் தொடை எலும்புக்குள் ஒரு டைட்டேனியத் தண்டை இறக்கி வைப்பார்கள் இல்லையா, அந்தத் தண்டுக்கு மேல்பூச்சு போடுவதுதான் எங்கள் தொழில். கோட்டிங் என்று சொல்வோம்.

வழவழப்பான உலோகத்தை எலும்பு அண்டாது. அதனால் முதலில் தண்டின்மீது கரகரப்பான துகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்குவோம். பிறகு எலும்பிலேயே இருக்கும் தாதுவைப் பொடியாக்கி, கண் கூசும் நெருப்பின் வழியாக அதன்மீது பீய்ச்சுவோம். பொடி உருகிப் போய் ஒட்டிக்கொள்ளும். நகத்தைவிட மெல்லிய வெள்ளைப் படலம். எலும்பு அதைத் தன் சொந்தக்காரன் என்று நம்பி வளர்ந்து வந்து பற்றிக்கொள்ளும். சில வகைகளில் கிருமி அண்டாமலிருக்க வெள்ளியும் கலப்பார்கள்.

நான் பூசுகிறவள் அல்ல, பார்க்கிறவள். பூசி வந்த தண்டை விளக்கின் கீழ் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி அல்லது கழிவு என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரு கரும்புள்ளி இருந்தால் கழிவு. ஓரம் உதிர்ந்திருந்தால் கழிவு. கையுறை இல்லாத விரல் பட்டிருந்தால், பார்வைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கழிவு. சொரசொரப்பான பரப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பசையைத் துடைத்து எடுக்க முடியாது. கழுவும் தண்ணீரைக்கூட வாராவாரம் சோதனைக்கு அனுப்புவோம், ஏனென்றால் தேங்கிய தண்ணீரைப் போலக் கிருமிக்கு நல்ல வீடு வேறில்லை. இதையெல்லாம் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான்.

அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரு கதை வைத்திருந்தேன். சாப்பாட்டுக் கடையில் கூட்டம். ஒரே ஒரு மேசைதான் காலி. இடம் பிடிக்க யார் முதலில் டிஷ்யூ பாக்கெட்டைப் போடுகிறார்களோ மேசை அவர்களுக்கு. உடம்புக்குள் வைக்கிற உலோகமும் அந்த மேசை மாதிரிதான். எலும்பு முதலில் வந்து உட்கார்ந்தால் ஆள் பிழைத்தான். கிருமி முதலில் உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்ப முடியாது, மேசையையே தூக்கிப் போட வேண்டியதுதான். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கும் அந்தக் கதையில் கொஞ்சம் பெருமை உண்டு.

எங்கள் இடத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. தவறு செய்தவர் அன்றைக்கே தானாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள். அந்தத் தண்டு கழிவுக்குப் போகும், அவ்வளவுதான். மறைத்துப் பிறகு தெரிந்தால் அந்த அறையில் வேலை கிடையாது. ஒருமுறை புதிதாக வந்த பெண் ஒருத்தி நழுவப் போன தண்டை வெறும் மணிக்கட்டால் தாங்கிப் பிடித்தாள். பிடித்தவள் பேசாமல் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன்.

"அக்கா, லேசா பட்டுச்சு. யாரும் பாக்கலியேன்னு..." என்றாள்.

"நான் பாத்தேன்லா," என்றேன்.

நான் எழுதிக் கொடுத்ததும் அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அழுதாள். எனக்குப் பாவமாக இல்லை என்பதை இப்போது எழுதத்தான் வேண்டும். ஏன் உடனே சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்வதில் என்ன கஷ்டம் என்றுதான் அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். மாசாயில் எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, அந்தப் பக்கம் போய் வேலை செய்துவிட்டு அதே வழியாகத் திரும்புவார். போன வருடம் மழை நாளில், வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, திரும்பிய லாரி ஒன்று அவரை ஓரத்தில் தள்ளியது. கடல் தாண்டிப் போய் வந்தவருக்கு வீட்டு வாசலில் விதி. இடது கீழ்க்கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

அரசாங்க மருத்துவமனையில் அன்றே அறுவை செய்து எலும்பின் நடுவில் ஒரு நீளக் கம்பியை இறக்கினார்கள். எலும்பு மருத்துவர் நாற்பது வயது மலாய்ப் பெண்மணி. நிதானமானவர். எக்ஸ்ரேயைக் காட்டியபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கம்பி என்ன உலோகம், மேல்பூச்சு உண்டா, மருந்து கலந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இந்தத் துறையில் இருக்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசிய விதமே மாறிவிட்டது. பூச்சில்லாத வெறும் டைட்டேனியம்தான், மருந்து பூசிய கம்பி இங்கே கையிருப்பில் இல்லை, காயத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்று விளக்கிவிட்டு, "உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், புவான்," என்றார், அம்மா என்று மரியாதையாக.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு இனித்தது! பக்கத்துக் கட்டில்காரர்கள் முன்னால் நான் ஒரு சாண் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பதினாறு வருடம் நான் பார்த்துப் பார்த்து அனுப்பிய பூச்சுத் தண்டுகள் எந்தெந்த தேசத்துக்காரர் உடம்பிலோ இருக்க, என் வீட்டுக்காரர் காலுக்குள் வெறும் கம்பி போனதே என்ற வருத்தமும் இருந்தது. அந்த வருத்தத்தையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் எல்லாம் ஒட்டிவிட்டது. எலும்பு கிழித்துக்கொண்டு வந்த இடத்தில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதை மூடாமல் சிவப்பாக இருந்தது. அதற்கு உப்புத் தண்ணீர்ப் பாட்டில்களும் கட்டுத் துணியும் கொடுத்து, தினம் எப்படிக் கட்டுவது என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தார். இந்தப் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் காயத்தில் படக்கூடாது என்று மூன்று முறை சொன்னார். எனக்கே பாடம் எடுக்கிறாயே அம்மா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு வாரமாகியும் அந்த நக அளவு மூடவில்லை. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் நான் தொழிற்சாலைக்காரி இல்லை, எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பெண். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எங்கே நோவு என்றாலும் அந்த இடத்தில் தீர்த்தத்தைத் தொட்டு வைத்து மூன்று முறை "அருள் நிறைந்த மரியே" சொல்வோம். எஸ்டேட்டுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். வருடா வருடம் வடக்கே தேவாலயத் திருவிழாவுக்குப் போகும்போது ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வந்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருப்பேன். அப்போது இருந்தது எட்டு மாதத்துக்கு முந்தையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். புதுக் கையுறை மாட்டினேன். கட்டைப் பிரித்தேன். சுத்தமான துணியில் அந்தத் தீர்த்தத்தை நனைத்துக் காயத்தின்மேல் வைத்தேன். எப்படி என்று பாருங்கள்: கையுறை போட்டுக்கொண்டு வைத்தேன்!

கணவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "வைம்மா, சில்லுன்னு இருக்கு," என்றார்.

நான்கு நாள் அப்படி வைத்தேன். ஒரு நிமிடம்கூட என் வேலை எனக்கு நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். வந்தது. இது தண்ணீர் இல்லை, தீர்த்தம் என்று அதை அடக்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை கால் பளபளவென்று வீங்கி, அவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுபடியும் அதே வார்டு. காயத்தைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் சுருங்கியது. ஒரு குச்சியில் சீழ் எடுத்து அனுப்பிவிட்டு, என்னை வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். மலாயில் மெதுவாகக் கேட்டார். உப்புத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் காயத்தில் பட்டதா? மூலிகை, எண்ணெய், குழாய்த் தண்ணீர், எதுவானாலும் பரவாயில்லை, திட்டமாட்டேன், மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

"தா அடா, டாக்டர்," என்றேன். இல்லை என்று.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையசைத்தார். "நீங்கள் வைத்திருக்கமாட்டீர்கள் என்று தெரியும். கேட்க வேண்டியது என் கடமை," என்றார். அதைக் கேட்ட பிறகு எப்படித் திரும்பிப் போய் உண்மையைச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி அந்தச் சோற்றைத் தின்றுதான் ஆக வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், தொழிற்சாலையில் தண்டைப் பிடிப்பது போல. பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. விரலைக் கழுத்துக்குள் விட்டுத் தேய்த்தேன். உள்சுவர் வழுக்கியது. பாசி பிடிப்பதற்கு முந்தைய வழுக்கல் எனக்குத் தெரியும். எங்கள் கழுவும் தொட்டியில் அப்படி ஒருநாள் இருந்ததற்காக அந்த வாரத்து வேலை முழுவதையும் கழிவுக்குத் தள்ளியவள் நான். தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது என்பதால் வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்குவது போல் போக்குக் காட்டி மறுபடி ஏறியது. புதன்கிழமை சீழ்ச் சோதனையின் முடிவு வந்தது. தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமிகள் இரண்டு மூன்று கலந்து வளர்ந்திருக்கின்றன, எலும்புக்குள் இருப்பது எது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நான் தலையை ஆட்டினேன். வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்கக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, காப்பியும் ரொட்டியும் கொடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் "பரவாயில்ல, மருந்து ஏறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பெட்டி கட்டும் பகுதிப் பெண் பார்க்க வந்தாள். நான் எழுதிக் கொடுத்து மாற்றினேனே, அவளேதான். மைலோ டின் ஒன்றும் ஆரஞ்சுப் பழமும் கொண்டு வந்தாள். "நீங்க இருக்கும்போது இன்ஃபெக்ஷன் எப்டிக்கா வந்துச்சு? அங்க ஆஸ்பத்திரியில யாரோ சரியா கை கழுவியிருக்கமாட்டாங்க," என்றாள். என்மேல் எவ்வளவு நம்பிக்கை! பழத்தை உரித்துக் கொடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் உடனே சொல்லவில்லை என்று அன்று இவளைப் பற்றி மனத்துக்குள் கேட்ட கேள்வியை யாராவது இப்போது என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தபோது பழத்தோல் நகத்துக்குள் ஏறி எரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவர் மறுபடி தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். மறுநாள் காலை அறுவை. உள்ளே இருக்கும் கம்பியை எடுத்துவிடுவார்கள். எலும்பின் உட்குழாயைக் கழுவிச் சுரண்டி, கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டு, வேறொரு மெல்லிய கம்பியை வைப்பார்கள். அந்தக் கம்பிக்கு அறுவை அறையிலேயே கையால் பூச்சுப் போடுவார்களாம். எலும்புக்குப் பயன்படுத்தும் சிமெண்டில் கிருமி மருந்துப் பொடியைக் கலந்து, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊற்றி, நடுவே கம்பியைச் செருகி, இறுகியதும் குழாயைக் கிழித்து எடுத்தால் பூச்சு தயார். வாரக்கணக்கில் அதிலிருந்து மருந்து கசிந்துகொண்டே இருக்கும். இதற்கும் அடங்கவில்லை என்றால், காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர் சொன்னது எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

"சிமெண்டில் என்ன மருந்து கலப்பீர்கள்?" என்று கேட்டேன்.

தோல் கிருமிகளுக்கான மருந்தின் பெயரைச் சொன்னார். உங்கள் கணவர் விஷயத்தில் வேறு எதையும் சந்தேகப்பட எனக்குக் காரணமில்லை என்றார்.

எங்கள் தொழிற்சாலை அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படம்போல எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீரில் வாழும் கிருமிக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. தவறான மருந்து பூசிய கம்பியை உள்ளே வைத்தால் அது மருந்தில்லை, கிருமிக்கு இன்னொரு மேசை. அதை அங்கே உட்கார வைக்கிறவர் மருத்துவராக இருக்கமாட்டார், நான்தான்.

சொன்னேன். மலாயில் ஆரம்பித்து, வார்த்தை வராமல் ஆங்கிலத்துக்குப் போய், நடுவில் தமிழில் ஏதோ பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். எட்டு மாதத் தண்ணீர். நான்கு நாள். என் கையால். திங்கட்கிழமை நான் சொன்னது பொய்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கோப்பில் இரண்டு வரி எழுதினார். நான் பேசி முடித்ததும், "தெரிமா காசே, புவான்," என்று நன்றி சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனார். அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து ஊசி மருந்தை மாற்றினார். அதன் பிறகு அந்த மருத்துவர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசவே இல்லை, மற்ற எல்லோரிடமும் பேசுவது போலச் சின்னச் சின்ன மலாய் வாக்கியங்களில்தான் பேசினார். அவர்மேல் குறையில்லை.

கணவரிடமும் சொன்னேன். "அந்தத் தீர்த்தத்துல கிருமி இருந்துருக்குங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"ம். நல்லது," என்று கண்ணை மூடிக்கொண்டார். அசதி என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அறுவை முடிந்தது. எலும்பிலிருந்து எடுத்த சதையில் தண்ணீர்க் கிருமிதான் வளர்ந்தது. கால் தப்பியது. ஆனால் அரித்துப்போன எலும்பை வெட்ட வேண்டியிருந்ததால் இடது கால் குட்டையாகிவிட்டது, கணுக்கால் மடங்குவதில்லை. திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அவ்வளவு வெட்டியிருக்க வேண்டாமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன். சொல்வது கஷ்டம் என்றார். நான் அந்தப் பதிலை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப் பல நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை. சிங்கப்பூர் வேலை போனது. இப்போது அவர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கிறார். எலும்பு இன்னும் முழுதாகச் சேரவில்லை என்று கடைசி எக்ஸ்ரேயிலும் சொன்னார்கள்.

தொழிற்சாலையில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை நானாகவே வேண்டாம் என்றுவிட்டேன். காரணம் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றேன். பாருங்கள், அதற்கும் ஒரு பொய்.

போன மாதம் ஒரு காலை, அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இடது சப்பாத்துக்கு அடியில் உயரக் கட்டை வைத்துத் தைத்திருக்கிறது. கணுக்கால் மடங்காததால் நான்தான் மாட்டிவிடுவேன். மாட்டிக்கொண்டே, என்றைக்கும் புலம்புவதைப் போல, "மொத நாளே நான் வாயத் தொறந்திருந்தா இந்தச் சப்பாத்துக்கு வேலையில்ல," என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைச் சப்பாத்துக்குள் நுழைத்தார். பிறகு, "டாக்டர் என்னையும் கேட்டாங்க," என்றார்.

"எப்ப?"

"அந்தத் திங்கக்கெழமதான். உன்னைய வெளிய கூப்புடுறதுக்கு முன்னாடி. நீ கவுண்டர்ல ஃபாரம் எழுதிக்கிட்டு இருந்த."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் வைக்கலன்னேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "ஏன்? உங்க காலுங்க அது!"

"நீ சொன்னா வேற. நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல. அந்த டாக்டர் முன்னாடி நீ எப்டி நிமிந்து நின்ன. நீயே சொல்லிருவேன்னு விட்டுட்டேன். ஆபரேசன் ரூம் வாசல் வரைக்கும் பாப்போம், அப்பவும் சொல்லலன்னா நம்மளே சொல்லிருவோம்னு இருந்தேன்."

"அஞ்சு நாளாவா?"

"அஞ்சு நாளும்தான்," என்று சுவரைப் பிடித்து எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கோபம்தான் முதலில் வந்தது. யார் இவரைக் கேட்டது, என் மானத்துக்கு இவர் காலை அடகு வைக்கச் சொன்னது யார் என்று காலியான வாசலைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது. பிறகு அந்த வார்டு ஞாபகம் வந்தது. தினமும் காலையில் நான் உள்ளே நுழையும்போது அந்தக் காய்ச்சலிலும் அவர் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வலி தாங்கவில்லை போல என்று நினைத்து, நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று ஐந்து நாளும் கேட்டிருக்கிறேன்.